ஒன்பதாவது வண்டி

நூத்திப் பதினாலு. பதினெட்டு நாளா இந்த ஒரு நெம்பரு என்னை விட்டுப் போக மாட்டேங்குது. பல்லு வெளக்கும்போது நூத்திப் பதினாலு, சோறு வடிக்கும்போது நூத்திப் பதினாலு, நேத்து சாமி கும்புடப் போயி கண்ண மூடுனா அங்கயும் அதுதான் வந்து நிக்குது. இப்ப இந்த ஆர்.டி.ஓ. ஆபீசு வராந்தாவுல, ஒரு காலு ஆடற பெஞ்சுல, பத்தே கால் மணிக்கு மடியில நோட்டீச வெச்சுகிட்டு உக்காந்திருக்கறப்பவும் அதையேதான் பாத்துகிட்டிருக்கறேன். வண்டியோட முதுகுப் பக்கத்துப் போட்டோ. எங்கூட்டுக்காரரு சென்னியப்பன் பேருல இருக்கற வெள்ளக் காரு. பின்னாடிக் கண்ணாடில, மஞ்சத் துணி போத்துன சீருத்தட்டு கூடத் தெரியுது. கீழ எழுத்து: இருக்க வேண்டிய வேகம் எம்பது, இருந்த வேகம் நூத்திப் பதினாலு. யாரு ஓட்டுனதுன்னு கேட்டு மொதக் கடுதாசி வந்தப்ப எங்கூட்டுக்காரரு ஒரு நிமிசங்கூட யோசிக்காம, மனைவி ஜெயமணின்னு முத்து முத்தா எழுதிக் குடுத்துட்டாரு, நல்ல மனுசன், பொய்யே வராது அவருக்கு, இருக்கட்டும் ஊட்டுக்குப் போயி வெச்சுக்கறேன். அப்பறம் வந்துச்சு இது. மூணு மாசத்துக்கு உங்க லைசென்ச ஏன் நிறுத்தி வெக்கக் கூடாதுன்னு நேர்ல வந்து சொல்லுங்கன்னு. ஏன் வெக்கக் கூடாதுங்களா? நான் பள்ளிக்கூட வேன் ஓட்டறவங்க. இருபத்திரெண்டு கொழந்தைக ஏழரை மணிக்கு எனக்காக ரோட்டோரம் நிக்குமுங்க. லைசென்சு இல்லாத டிரைவருக்கு எந்தப் பள்ளிக்கூடம் எடத்தக் காலியா வெச்சுகிட்டுக் காத்திருக்கும்? கரெஸ்பாண்டென்ட் அம்மா மூஞ்சிக்கு நேராவே சொல்லீட்டாங்க, "விசாரணையில லைசென்சு தப்பிச்சா வாங்க ஜெயமணி, இல்லாட்டி நான் வேற ஆளப் பாத்துக்கறேன்"னு. எட்டு வருசம் ஓட்டுன வேனு. எந்தக் கொழந்தைக்கு எந்த சன்னலு, எது ஏறுனதும் வாந்தி எடுக்கும், எதுக்கு அம்மா ஊட்ல இல்லாததுனால பெரியம்மாதான் வந்து ஏத்தி விடும், அத்தனையும் எனக்குத் தெரியும். வர்றவனுக்கு என்ன தெரியும்.

"தண்ணி குடிக்கறயா அம்மிணி?" பக்கத்துல எங்கண்ணன். குழந்தைவேலுன்னு பேரு. வர வேண்டாம், வர வேண்டாம்னு தலபாடா அடிச்சுகிட்டேன், கேக்கோணுமே. விடியால ஆறு மணிக்கே வந்து வாசல்ல நிக்கறாரு, கஞ்சி போட்ட வெள்ளச் சட்ட, நெத்தி நெறையாத் துன்னூறு, பொண்ணு பாக்கப் போறவராட்ட. அண்ணன் கெவர்மெண்ட் பஸ் டிரைவரு. முப்பத்தோரு வருசம், ஒரு கீறல் இல்ல, ஒரு கேசு இல்ல, இன்னும் நாலு மாசத்துல ரிட்டையரு. கீறல் இல்லாதவங்களுக்கு டிப்போவுல மால போட்டு மெடல் குடுப்பாங்களாம், அதுக்குப் போட்டுக்கறதுக்குன்னே அண்ணி ஒரு சட்ட எடுத்து வெச்சிருக்கறாங்க. அதத்தான் இன்னைக்கு எனக்காகப் போட்டுட்டு வந்திருக்கறாரு. அந்தச் சட்டப் பையில, நாலா மடிச்ச வெள்ளக் காயிதம். மூச்சு விடறப்ப எல்லாம் துருத்திகிட்டுத் தெரியுது. என்ன எழுதியிருக்குன்னு பஸ்ஸுல வரும்போதே எனக்குப் படிச்சுக் காட்டீட்டாரு. "நான் முன்னால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் சென்றபடியாலும், என்னை ஒட்டி வரும்படி என் தங்கைக்குப் போன் மூலம் உத்தரவிட்டபடியாலும், மேற்படி குற்றம் முழுவதும் என்னையே சேரும்." படிச்சு முடிச்சுட்டு, எப்படி இருக்குதுன்னு வேற கேட்டாரு. என்னத்தச் சொல்லறது. அட சாமி, வண்டி ஓட்டிகிட்டே போன்ல பேசுனேன்னு தானே எழுதிக் குடுக்கற மனுசன நீங்க எங்காவது பாத்திருக்கீங்களா? அதுவும் கெவர்மெண்ட் பஸ் டிரைவரு? இவரு என்னைக் காப்பாத்தப் போறாராமா. தாராபுரத்து வக்கீலு போன்லயே தெளிவாச் சொல்லீட்டாரு: "இத பாருங்கம்மா, பத்து வண்டி சேந்து போனாலும் சரி, நூறு வண்டி சேந்து போனாலும் சரி, ஸ்டியரிங் யாரு கையில இருக்குதோ அவங்கதான் பொறுப்பு. முன்னால போனவன் வெசையாப் போனான், நானும் போனேங்கறது எல்லாம் செல்லாது. போகச் சொன்னேன்னு ஒருத்தரு வந்து நின்னா, அவரும் சேந்து மாட்டுவாரே தவிர நீங்க தப்பிக்க மாட்டீங்க." அண்ணங்கிட்ட இத நூறு தடவ சொல்லிட்டேன். "வக்கீலுக்கு என்ன தெரியும், ரோடு தெரியுமா?"ன்னு கேக்கறாரு. இப்ப எனக்கு ரெண்டு பயம். ஒண்ணு லைசென்சு. இன்னொண்ணு அந்தக் காயிதம். என்னைக் கூப்புடறப்ப இவரு கூடவே எந்திரிச்சு உள்ள வந்து அதக் குடுத்தாருன்னா, எனக்கும் போச்சு, அவருக்கும் போச்சு, மாலையும் போச்சு. மெல்ல எடுத்துரலாமான்னு பாத்தேன். பை மேலயே கைய வெச்சுகிட்டு உக்காந்திருக்காரு மனுசன்.

ஆனா எல்லாத்துக்கும் காரணம் இவருதானே. நெனைக்கக் கூடாது, நெனப்பு வருது. இவரு ஏன் அன்னைக்கு அப்படிப் பறந்தாரு? எங்கக்கா பாப்பாத்தி மகளுக்கு உடுமலைப் பக்கம் கல்யாணம். தாய்மாமன் இவரு, சீரு கொண்டு போறோம். எங்க வகையறாவுல சீரு வண்டிக்கு ஒரு மொறை இருக்குது. ஒத்தப்படையிலதான் வண்டி இருக்கோணும். ஏழோ, ஒம்பதோ. மொத வண்டி மாமன் ஓட்டோணும், கடைசி வண்டியில மாமனோட கூடப் பொறந்தவ வரோணும், நடுவுல பங்காளி, ஒறம்பர, எல்லாரும். வரிசை அறுபடக் கூடாது. வேத்து வண்டி ஒண்ணு நடுவுல பூந்துட்டா ஒறவு அந்து போயிரும்னு பேச்சு. எவன் சொன்னான்னு தெரியாது, மீறுனவனும் எவனும் கெடையாது. மின்னயெல்லாம் கூடப் பொறந்தவ கடைசி வண்டியில சும்மா உக்காந்துட்டு வருவா, புருசனோ மச்சானோ ஓட்டுவான். இந்தத் தடவ அண்ணன் எல்லாத்து மின்னாலயும் எங்கூட்டுக்காரருகிட்ட இருந்து எங்க காருச் சாவிய வாங்கி எங்கையில குடுத்தாரு. "கடைசி வண்டி கெட்டிக்காரங்க கையிலதான் இருக்கோணும், நீயே ஓட்டு அம்மிணி"ன்னாரு. பெரியப்பா மகன் ஒருத்தன் சிரிச்சான். அண்ணன் திரும்பி ஒரு பார்வ பாத்தாரு, சிரிப்பு நின்னு போச்சு. அந்தச் சாவி என் கையில விழுந்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. எங்கூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க, அவ்வளவுதான். பின்னால பொண்ணுக்கு மாமன் எடுத்த பட்டு, பழம், முறுக்கு, அதிரசம். பக்கத்து சீட்டுல அண்ணி, மடியில போனு. காங்கயத்த விட்டு ஒம்பது வண்டியும் ஒண்ணா நகந்தப்ப ரோட்டுல போறவங்க நின்னு பாத்தாங்க. எங்க அப்பா இருந்து பாத்திருக்கோணும்.

கடைசி வண்டி ஓட்டிப் பாத்தவங்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். மொத வண்டி ஒரு வேகத்தடைய ஏறி எறங்கி நிதானமாப் போகும். ரெண்டாவது, அது போன பொறவு எடுக்கும். மூணாவது கொஞ்சம் பேசிகிட்டே எடுக்கும். நாலாவதுல எவனாவது சன்னல் வழியா எச்சி துப்புவான். இப்படி ஒவ்வொருத்தரும் சித்த நேரம் விட்டு விட்டு, ஒம்பதாவதா நான் தடைய ஏறி எறங்கும்போது மின்னால ரோடு காலியாக் கெடக்கும். அந்தக் காலி எடத்துல ஒரு முட்டைக்கோசு லாரி மூக்க நொழைக்கும். அண்ணி, "ஐயோ ஐயோ, லாரி பூருது, விடாத கண்ணு"ம்பாங்க. போன்ல அண்ணன், "எங்க இருக்கறீங்க? ஒட்டி வாங்க, ஒட்டி வாங்க." மறுக்கா மிதிப்பேன். லாரிக்காரன் ஆர்ன் அடிச்சுத் திட்டுவான். எட்டாவது வண்டியோட பின்னாடி வெளக்கு கிட்ட வரும், அப்பாடான்னு காலெடுப்பேன், அடுத்த ஊரு, அடுத்த தட, மறுக்காக் காலி ரோடு. பத்து தடவ இப்படி. தாராபுரம் தாண்டி ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்தற பொட்டல் காடு, ரோடு நூல் புடிச்சாப்புல கெடக்குது, தூரத்துல எட்டும் ஒண்ணாச் சேந்து போகுது, நான் மட்டும் தனியா. அப்ப மிதிச்சதுதான் இது. கண்ணாடி கிண்ணுன்னு சத்தம் போட்டுது. பின்னால தட்டு ஒண்ணோட ஒண்ணு உரசுச்சு. அண்ணி பேச்ச நிறுத்திட்டு மேல இருக்கற கைப்புடிய எட்டிப் புடிச்சாங்க. நான் முள்ளப் பாக்கல. பாக்கலயா? பாத்தேன். பொய் சொல்லறதுக்கு இங்க யாரு இருக்கா, எம் மனசுக்குள்ள நானேதானே பேசிகிட்டு இருக்கறேன். நூறத் தாண்டறத ஒருக்காப் பாத்தேன். காலெடுக்கல. எடுக்காததுக்கு வரிச ஒரு காரணம், அண்ணன் ஒரு காரணம், லாரி ஒரு காரணம், எல்லாஞ் செரி. ஆனா உள்ளுக்குள்ள வேற ஒண்ணும் இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. வேன்ல எட்டு வருசமா மாட்டு வண்டியாட்டப் போயிப் போயி, அன்னைக்கு அந்த ரோட்டுல, பெரியப்பா மகன் சிரிச்ச சிரிப்புக்கெல்லாம் பதிலு சொல்லறாப்புல, எங்காலுக்கு அடியில வண்டி துள்ளிகிட்டுப் போனது எனக்கு ருசியா இருந்துச்சு. இத எந்தக் காயிதத்துல எழுதறது. இந்த எடத்துக்கு வந்தா நெனப்பு சிக்கிக்குது. உடனே ஓடி வந்து அண்ணம்மேல ஏறி உக்காந்துக்கும். அவரு பறந்ததுனாலதான், அவரு பறந்ததுனாலதான்.

நோட்டீசு வந்த அன்னைக்கு மொத போன் அவருக்குத்தான் போட்டேன். என்ன பேசுனேன், எப்படிப் பேசுனேன், இப்ப நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருக்குது. "உங்களுக்கென்ன, நாலு மாசத்துல ரிட்டையரு ஆயி ஊட்ல உக்காந்துக்குவீங்க, எம் பொழப்பு போச்சு, நீங்க ஏன் அத்தன வெசையாப் போனீங்க, பின்னால ஒருத்தி வர்றான்னு நெனப்பு வேண்டாமா?" கத்தீட்டேன். அந்தப் பக்கம் சித்த நேரம் சத்தமே இல்ல. வெச்சுட்டாரோன்னு நெனச்சேன். அப்பறம் மெல்லமா, "ஆமா அம்மிணி. நாந்தான் நூறுல போயிட்டேன். எந் தப்புதான்"ன்னாரு. அதுக்கப்பறம் தெனமும் ரெண்டு போனு. தெனமும் நான் ஒரு பாட்டுத் திட்டுவேன், தெனமும் அவரு ஆமான்னு கேட்டுக்குவாரு. அஞ்சாறு பங்காளிகளுக்கு அபராதச் சீட்டு வந்துச்சு, அண்ணனுக்கு வரல. அந்தக் கேமரா மொத வண்டி போறப்பத் தூங்கிகிட்டு இருந்திருக்கும், அப்பறம் முழிச்சுகிட்டு எங்களப் புடிச்சிருக்கும்னு நெனச்சேன். தனக்கு வரலையேன்னு அவருக்குப் பெரிய வருத்தம். வேற எவனாச்சும் இருந்தா தப்பிச்சோம்டா சாமின்னு தேங்கா ஒடைப்பான்.

"வெய்யில் அடிக்குது பாரு, இப்படி நகந்து உக்காரு." நகந்துகிட்டேன். எடம் மாறி இப்ப அவரு மேல வெய்யில் விழுகுது, அதத்தான் அவரு செஞ்சிருக்காரு, சின்னப் புள்ளையில இருந்து இதே வேல. எனக்கு அழுக வருது, இவருகிட்டக் கோவமா இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். நான் வேன் ஓட்டப் போறேன்னு சொன்னப்ப ஊர்ல எல்லாத்தையும் விட இவருதான் குதியோ குதின்னு குதிச்சாரு. "நம்மூட்டுப் பொம்பளைக டிரைவர் வேலைக்குப் போனதில்ல"ன்னு மூணு மாசம் எங்கூடப் பேசல. ஊட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. மொத நாளு வேன எடுத்துகிட்டுப் போறேன், கண்ணாடியில பாத்தா பின்னால ஒரு மொபெட்டு வருது. தலையில துண்டு கட்டி மூஞ்சிய மறச்சுகிட்டு ஒரு ஆளு. நான் நின்னா நிக்கறாரு, போனா வர்றாரு. எவனோ பொறுக்கின்னு நெனச்சுப் பள்ளிக்கூடத்து வாச்மேன்கிட்டச் சொன்னேன். அவன் தடிய எடுத்துகிட்டு ஓடிப் போயிப் புடிச்சா, துண்டுக்குள்ள எங்கண்ணன். "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்"ங்கறாரு, லீவு போட்டுட்டு வந்து. ஆறு நாளு அப்படிப் பின்னாலயே வந்தாரு. ஏழாவது நாளு ஊட்டுக்கு வந்து, திருப்பத்துல நீ கொஞ்சம் அகலமா எடுக்கற, மத்தபடி பரவால்லன்னாரு. அப்படித்தான் நாங்க மறுக்கா ராசி ஆனோம். அந்த மனுசன் மேல பதினெட்டு நாளா எரிஞ்சு விழுகறேன். விழுகாம என்ன பண்ணறது. எம்மேலயே விழுந்துக்கறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல.

"ஜெயமணி! சென்னியப்பன் மனைவி ஜெயமணி!" ஐயோ, கூப்புட்டாச்சு. எந்திரிக்கறேன். அண்ணனும் எந்திரிச்சு, கையப் பைக்குள்ள விடறாரு. நல்ல காலம், கதவுகிட்ட மேச போட்டு உக்காந்திருக்கற கிளார்க்கு, "லைசென்சு யாருதோ அவங்க மட்டும். நீங்க உக்காருங்க பெரியவரே"ன்னுட்டாரு. "நாந்தான் சாமி முக்கியமான ஆளு"ன்னு அண்ணன் சொல்லறது முதுகுக்குப் பின்னால கேக்குது, கதவு சாத்திகிச்சு. உள்ள ஃபேன் காத்து. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆபீசரு, எங்கூட்டுக்காரரு வயசு இருக்கும், கண்ணாடி மூக்கு நுனியில. உக்காரச் சொன்னாரு. நான் எழுதி அனுப்புன விளக்கத்த வெச்சிருந்தாரு. "சீரு வண்டி, ஒம்பது காரு சேந்து போனோம், வரிச அறுபடாம இருக்க ஒட்டிப் போனேன்னு எழுதியிருக்கீங்க." "ஆமாங்க." "உங்களுக்கு மின்னால போனவரு வேகமாப் போகச் சொன்னாரா?" இந்தக் கேள்விக்குத்தான் பதினெட்டு நாளா நான் பதில் தேடிகிட்டு இருந்தேன். ஆமான்னு ஒரு வார்த்த. நாக்கு நுனியில இருக்குது. ஆமாங்க, மொத வண்டி பறந்துச்சு, நான் என்ன பண்ணறது. சொன்னா எம்பாரம் பாதி கொறையும். வெளிய வெய்யில்ல உக்காந்திருக்கற வெள்ளச் சட்ட கண்ணுக்குள்ள வந்துச்சு. "இல்லீங்க. வண்டி ஓட்டுனது நானு. காலு என்னோட காலு"ன்னேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்துச்சுன்னு தெரியல. சொன்னதுக்கப்பறம் நெஞ்சு இருந்த எடத்துல காத்தாட இருந்துச்சு.

அவரு என்னையே பாத்தாரு. அப்பறம் கம்ப்யூட்டரத் திருப்பி எம்பக்கம் வெச்சாரு. "கூட்டமாப் போனோம்னு நீங்க எழுதியிருந்ததுனால அன்னைக்கு அந்தக் கேமராவுல போன ஒம்பது வண்டியையும் எடுத்துப் பாத்தேம்மா. இதோ பாருங்க." பாத்தேன். வரிசையா ஒம்பது காரு. எங்க காருகதான். ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ஒரு நெம்பரு. அவரு பென்சில வெச்சு ஒண்ணொண்ணாத் தொட்டுப் படிச்சாரு, பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு படிக்கறாப்புல. "மொத வண்டி எழுபத்தாறு. ரெண்டாவது எழுபத்தெட்டு. மூணாவது எம்பத்தி மூணு. நாலாவது எம்பத்தெட்டு. அப்படியே ஏறிகிட்டே போகுது பாத்தீங்களா. எட்டாவது நூத்தி மூணு. ஒம்பதாவது நீங்க. மூணுல இருந்து எட்டு வரைக்கும் அபராதம் போயிருக்குது. மொத வண்டிக்காரரு மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஒம்பது வண்டிய வெச்சுகிட்டு அளவாத்தான் போயிருக்காரு. கடைசி ஆளுக்குத்தான் எடவெளி எல்லாம் சேந்து விழுகுது. விழட்டுமே, வரிச அறுந்தா அறுந்து போகுதுன்னு நீங்க விட்டிருக்கோணும்." அவரு இன்னும் ஏதோ சொல்லிகிட்டே போனாரு. பள்ளிக்கூட வேன் ஓட்டறவங்க இப்படிப் பண்ணலாமா, பக்கத்துல யாரு உக்காந்திருந்தாங்க, டயரு வெடிச்சிருந்தா என்ன ஆகும்னு. எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். எல்லாம் நாயமான கேள்வி. ஆனா எங் கண்ணு அந்த மொத வண்டி மேலயே நின்னு போச்சு. எழுபத்தாறு. நூறு இல்ல. எழுபத்தாறு. முப்பத்தோரு வருசம் ரோட்டுல இருக்கற மனுசனுக்குத் தான் என்ன வேகத்துல போனோம்னு தெரியாமயா இருக்கும்? முள்ளப் பாக்காமயே, காத்துச் சத்தத்த வெச்சே சொல்லீருவாரே. அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குது. நான் போன்ல கத்துன அன்னைக்கே தெரியும். அந்தச் சித்த நேரத்துச் சத்தமில்லாமைக்கு இப்பத்தான் எனக்கு அர்த்தம் தெரியுது. நான் இல்ல அம்மிணி, நான் அளவாத்தான் போனேன், உனக்காகத்தான் அளவாப் போனேன்னு ஒரே வார்த்த சொல்லியிருந்தா என் வாய் அடஞ்சிருக்கும். சொல்லல. இவளுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும், இல்லாட்டித் தன்னையே தின்னுக்குவான்னு யோசிச்சு, பதினெட்டு நாளு தலையக் குனிஞ்சு குடுத்துகிட்டு இருந்திருக்காரு. படுபாவி மனுசன். எஞ் சாமி. "மூணு மாசம் நிறுத்தி வெக்கறேம்மா, வேற வழி இல்ல"ன்னு ஆபீசரு சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டிகிட்டு இருந்துச்சு. லைசென்சுக்குத்தான் அழுகறேன்னு நெனச்சு அவரு தண்ணி பாட்டில எம்பக்கம் நகத்துனாரு. காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டேன். லைசென்ச எடுத்து மேசையில வெச்சேன்.

கதவத் தொறந்தா அண்ணன் நின்னுகிட்டு இருக்காரு, உக்காரவே இல்லயாட்ட இருக்குது. எம் மூஞ்சியப் பாத்ததும் புரிஞ்சுகிட்டாரு. "மூணு மாசமா?" தலையாட்டுனேன். வேனு போச்சு. கரெஸ்பாண்டென்ட் அம்மாவுக்குப் போன் பண்ணோணும், கொழந்தைகளுக்கு யாரு சொல்லறது, மூணாவது சன்னல் புள்ள புது ஆளப் பாத்தா ஏறாது. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுகுது. ஆனா வாயில வந்தது வேற. "அண்ணா, நீங்க எழுபத்தாறுல போயிருக்கீங்க. உள்ள காட்டுனாங்க. ஏன் எங்கிட்டப் பொய் சொன்னீங்க?" அவரு மூஞ்சி ஒரு நிமிசம் திருட்டு முழி முழிச்சுது. எனக்கு நெனவு தெரிஞ்சு அவரு அப்படி முழிச்சு நான் பாத்ததில்ல. அப்பறம் வீராப்பா நிமுந்தாரு. "எவன் சொன்னான் எழுபத்தாறுன்னு? மிசினு சொல்லுச்சா? மிசினுக்கு என்ன தெரியும்? ஓட்டுனது நானு, எனக்குத் தெரியாதா? நூறுக்குக் கீழ எறங்கவே இல்ல." "அண்ணா, வேண்டாம்." "நீ சும்மா இரு அம்மிணி." நான் கையப் புடிக்கறதுக்குள்ள மேசைக்குப் போயி கிளார்க்கு மின்னால காயிதத்தப் பிரிச்சு வெச்சுட்டாரு. கிளார்க்கு படிச்சுப் பாத்துட்டு, "பெரியவரே, உங்க மேல ஒண்ணுமே இல்ல, நீங்க சரியாத்தான் போயிருக்கீங்க, ஊட்டுக்குப் போங்க"ங்கறாரு. அண்ணன் போகல. வராந்தாவுல இருந்த அத்தன சனமும் திரும்பிப் பாக்குது. முப்பத்தோரு வருசம் ஒரு கேசு வாங்காத மனுசன், கஞ்சி போட்ட சட்டையில, மேசைய ரெண்டு கையாலயும் புடிச்சுகிட்டு, "நூறு போனேனுங்க, நல்லாப் பாருங்க, எம்பேரையும் சேத்து எழுதுங்க, அவ தனியாப் போகக் கூடாதுங்க"ன்னு கெஞ்சிகிட்டு நிக்கறாரு.